துப்பாக்கி இல்லாத வேட்டைக்காரர்

ஆப்பிரிக்கக் காடுகளில் நாம் சுட்டுத் தள்ளிய சிங்கங்களுக்குக் கணக்கு இல்லை. யானைகள் ஒரு நூறு இருக்கும். காண்டாமிருகங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. இவ்வளவு பராக்கிரமத்தையும் நாம் காட்டியது பதினாலாவது வயதில். காட்டிய இடம், நமது வீட்டுத் திண்ணையில் கிடந்த சாய்வு நாற்காலி. உபயோகித்த ஆயுதம், ஊர் வாசகசாலையிலிருந்து இரவல் வாங்கி வந்த வேட்டைப் புஸ்தகங்கள்.

அந்த மாதிரிப் புஸ்தகங்களைப் படித்த நேயர்களுக்கு அவற்றின் சுவை தெரிந்திருக்கும். ஆப்பிரிக்காவில் கால்நடையாகச் சென்று வேட்டையாடுவதற்கு மிகவும் அபாயமானவை என்று ஐந்து பிராணிகளை வேட்டைக்காரர்கள் பொறுக்கி வைத்திருந்தார்கள்: யானை, காண்டாமிருகம், எருமை, சிங்கம், சிறுத்தை. இவற்றில் எருமைக்குத் தனி மரியாதை. குண்டடி பட்டு ஓடிய எருமை தொலைந்தது என்று எண்ணிப் பின்தொடர்ந்தால், அது புதருக்குள் மூச்சுக் காட்டாமல் நின்று, ஆள் நெருங்கியதும் பாயும் என்று எழுதியிருப்பார்கள். சிறுத்தையோ மற்றவற்றைவிடச் சிறியது. ஆனால் பத்தடி தூரத்தில், அரை விநாடியில், எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் மேலே விழும். இவற்றைப் படிக்கும்போது நமக்கு மயிர்க்கூச்செறியும். அம்மா உள்ளேயிருந்து காப்பி சாப்பிடக் கூப்பிட்டாலும் காதில் விழாது.

அந்த நாட்களில் நமக்கு ஒரு விஷயம் மட்டும் தோன்றவே இல்லை. புதருக்குள் எருமை இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முதலில் உள்ளே போனவர் யார் என்று நாம் கேட்டதே இல்லை. அந்தக் கேள்வியை நாம் கற்றுக்கொள்வதற்குத் தென்காசிக்குப் போக வேண்டியிருந்தது.

சென்ற ஆனி மாதக் கடைசியில் தென்காசி நண்பர் டெலிபோனில் கூப்பிட்டார். "சாரல் தொடங்கிவிட்டது, அண்ணாச்சி. அருவியில் தண்ணீர் பிரமாதமாய் விழுகிறது. இன்னும் என்ன யோசனை? புறப்பட்டு வாருங்கள்" என்றார். குற்றாலத்திலிருந்து அழைப்பு வந்த பிறகு யோசனை செய்கிறவர்களை நாம் மனிதர்களாக மதிப்பதில்லை. அன்று இரவே பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டோம்.

தென்காசியில் இறங்கியவர்கள் முதலில் காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலுக்குப் போய் நிற்க வேண்டும். மலைக் கணவாய் வழியாக வரும் காற்று அந்த வாசலில் புகுந்து ஆளைத் தள்ளிக்கொண்டு போகும். மேல்துண்டைப் பிடிப்பதா, வேஷ்டியைப் பிடிப்பதா என்று பக்தர்கள் திண்டாடுவார்கள். அந்தக் காற்றை அனுபவித்துவிட்டு, நண்பர் வீட்டுக்குப் போனோம். வாசல் நடையைத் தாண்டித் தாழ்வாரத்தில் கால் வைத்ததுமே எதிலோ தடுக்கி விழப் பார்த்தோம். பார்த்தால், புதிதாக வாங்கிய கம்பிச் சுருள்கள் இரண்டு.

"பார்த்து வாருங்கள், அண்ணாச்சி. தோப்புக்கு வாங்கியது" என்றார் நண்பர். அதற்கு மேல் அப்போது நாமும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

குற்றாலம் அங்கிருந்து மூன்று மைல்தான். பேரருவியில் குளித்தோம். ஐந்தருவியில் குளித்தோம். பிறகு புலியருவிக்குப் போனோம். ஒரு காலத்தில் புலி வந்து தண்ணீர் குடித்த இடம் என்று பெயருக்குக் காரணம் சொல்லுகிறார்கள். இப்போது அங்கே குழந்தைகள் குளிக்கிறார்கள். தாய்மார்கள் எண்ணெய்க் கிண்ணத்துடன் காவல் காக்கிறார்கள். ஆயினும் பெயரின் மகிமை போகுமா? ஈர வேஷ்டியுடன் ஒரு பாறையின்மேல் நின்றுகொண்டு, ஆப்பிரிக்க வேட்டையின் அபாயங்களைப் பற்றி நண்பருக்கு ஒரு பிரசங்கம் செய்தோம். எருமை புதருக்குள் பதுங்கும் கட்டத்துக்கு வந்தபோது, பின்னாலிருந்து ஏதோ ஒன்று நம் தோளின்மேல் பாய்ந்தது. நாம் போட்ட கூச்சலில் அருவிச் சத்தம் அடங்கிவிட்டது என்று நண்பர் பிற்பாடு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அது ஒரு குரங்கு. நம் கையிலிருந்த நேந்திரங்காய் வறுவல் பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு மரத்தின்மேல் போய் உட்கார்ந்து, நம்மைப் பார்த்துக்கொண்டே தின்றது. நமது வேட்டை அனுபவத்தில் கொடிய மிருகத்தை நேருக்கு நேர் சந்தித்த சந்தர்ப்பம் அது ஒன்றுதான்.

அன்று மாலை நண்பர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தோம். நமது வீரத்தைப் பார்த்துவிட்ட நண்பர், தமது குலத்தின் வீரத்தை நமக்குக் காட்ட விரும்பினார் போலும். கூடத்துச் சுவரிலிருந்து ஒரு பழைய படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து மடியில் வைத்தார்.

"எங்கள் தாத்தா. 1954ஆம் வருஷம்" என்றார்.

நல்ல போட்டோ. நடுவில் ஒரு வெள்ளைக்காரர். மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் மானேஜராக இருந்தவராம். சுயராஜ்யம் வந்த பிறகும் தோட்டங்களில் சில துரைமார்கள் தங்கியிருந்தார்கள். அவருக்கு வலப்புறம் நண்பரின் தாத்தா, இரட்டைக்குழல் துப்பாக்கியுடன். மற்றும் மூன்று கனவான்கள். எல்லாருக்கும் நாற்காலி. காலடியில் ஒரு பெரிய சிறுத்தை நீட்டிப் படுத்திருந்தது. கீழே வெள்ளை மையினால் ஐந்து பெயர்கள் எழுதியிருந்தன.

படத்தின் வலது ஓரத்தில் மட்டும் ஒரு சிறு விசேஷம். சிறுத்தையின் வாலை யாரோ இழுத்துப் பிடித்திருந்தார்கள், அதன் முழு நீளமும் படத்தில் விழ வேண்டும் என்பதற்காக. பிடித்த கை முழங்கை வரையில்தான் தெரிந்தது. அதில் துணி ஒன்று சுற்றியிருந்தது. ஆளைக் காணோம். படம் அங்கே முடிந்துவிட்டது.

நண்பர் கதையை ஆரம்பித்தார். மேக்கரைக்கு மேலே காட்டில் பரண் கட்டியது, ஆட்டைக் கட்டிப் போட்டது, இருட்டும் நேரத்தில் சிறுத்தை வந்தது, தாத்தா சுட்டது, சிறுத்தை அடிபட்டு ஓடியது, மறுநாள் காலையில் போய் முடித்தது - எல்லாம் விஸ்தாரமாகச் சொன்னார். நாமும் நமது பங்குக்கு ஆப்பிரிக்க உதாரணங்களை நடுநடுவே சேர்த்தோம். கதை நன்றாகக் களைகட்டி இருந்தது.

அப்போது பின்கட்டு வழியாக ஒரு பெரியவர் வந்தார். எண்பது பிராயம் தாண்டியவர். தலையில் ஒரு கூடை மாங்காய். நண்பருடைய மலையடிவாரத் தோப்பில் இராக் காவல் அவர்தான் என்றும், அவர் தகப்பனார் காலத்திலிருந்து அந்தக் குடும்பத்துடன் பழக்கம் என்றும் அறிந்தோம். கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தூணோரமாக நின்று கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார். நண்பர் முடித்ததும், "அந்தப் படத்தைக் கொஞ்சம் தாங்க, தம்பி" என்றார்.

கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். துரையைப் பார்க்கவில்லை, தாத்தாவைப் பார்க்கவில்லை, சிறுத்தையையும் பார்க்கவில்லை. வலது ஓரத்தில் விரலை வைத்தார்.

"இது எங்கய்யா கை" என்றார்.

திருநெல்வேலிச் சீமையில் தகப்பனாரை 'ஐயா' என்பார்கள். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, நாம் கேட்கக் கேட்க, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

அன்று அவருக்குப் பன்னிரண்டு வயது. அடிபட்ட சிறுத்தை உண்ணிச்செடிப் புதருக்குள் போய்ப் பதுங்கிவிட்டது. இரவில் யாரும் நெருங்கவில்லை. பொழுது விடிந்ததும் அதைக் கிளப்பிவிடுவதற்கு ஆட்களை அனுப்பினார்கள். தப்பட்டை அடிப்பவர்கள் இரண்டு பேர். கம்பு வைத்திருந்தவர்கள் ஆறு பேர். அவர்களுக்கு முன்னால் போனவர் பெரியவரின் தகப்பனார். துப்பாக்கிகள் மூன்றும் நாற்பது கஜம் பின்னால், ஒரு பாறையின்மேல் இருந்தன.

"துப்பாக்கி வச்சிருக்கவுக பின்னால நிக்கணும், கம்பு வச்சிருக்கவன் முன்னால போவணும். அப்பத்தானே மிருகம் அவுக பக்கமா வரும்? அதுதான் முறை" என்றார் பெரியவர். அவர் குரலில் கோபம் எதுவும் இல்லை. உழவுக்கும் நடவுக்கும் முறை சொல்வது போலவே சொன்னார்.

சிறுத்தை துப்பாக்கி பக்கமாக வரவில்லை. கம்பு பக்கமாக வந்தது. அவர் வலக்கையைக் குறுக்கே கொடுத்து முகத்தைக் காப்பாற்றிக்கொண்டார். மற்றவர்கள் கம்பால் அடித்து விலக்கினார்கள். பிறகுதான் பாறைமேல் இருந்தவர்களுக்குக் குறி கிடைத்தது. காயத்தைத் துண்டினால் சுற்றினார்கள். போட்டோக்காரர் தென்காசியிலிருந்து வந்து காத்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறினால் படம் சரியாக விழாதாம்.

"படம் எடுத்த பொறவு வண்டி கட்டினாக. சிறுத்தை நகத்துல அழுகின மாமிசம் ஒட்டியிருக்கும் பாருங்க. அது ரத்தத்துல சேந்துட்டுது. பத்து நாள் கழிச்சு முழங்கைக்கு மேல எடுத்துட்டாக. பெரிய எசமான் இரண்டு கோட்டை நெல்லும் அம்பது ரூபாயும் கொடுத்தாக. அவுகளைக் குத்தம் சொல்லக் கூடாது. ஆஸ்பத்திரிக்குத் தினம் வந்து பாத்தாக."

மறுபடியும் படத்தைப் பார்த்தார். "எங்கய்யாவுக்கு வலக்கை இருந்த காலத்துல எடுத்த படம் இது ஒண்ணுதான்" என்றார்.

நண்பர் பரபரவென்று எழுந்து படத்தின் பின்பலகையைக் கழற்றினார். சட்டத்துக்குப் பொருந்துவதற்காகப் படத்தின் ஓரத்தை மடித்திருக்கக் கூடும், மிச்ச ஆள் உள்ளே இருக்கக் கூடும் என்று அவருக்கு ஓர் ஆசை. நாமும் ஆவலுடன் எட்டிப் பார்த்தோம். மடிக்கவில்லை. கத்தரிக்கோலால் நேர்த்தியாக வெட்டியிருந்தது.

அன்று இரவு நமக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பதினாலு வயதில் படித்த புஸ்தகங்களை எல்லாம் மனத்துக்குள்ளேயே மறுபடியும் புரட்டினோம். அப்போது கண்ணில் படாத ஆட்கள் இப்போது ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள்.

டேவிட் லிவிங்ஸ்டன் என்ற பாதிரியாரைச் சிங்கம் பிடித்த கதை உலகப் பிரசித்தம். 1844ஆம் வருஷம் தென்னாப்பிரிக்காவில் மபோட்சா என்னும் ஊரில் ஆடு மாடுகளைக் கொன்றுவந்த சிங்கத்தை அவர் சுட்டார். மறுபடியும் மருந்து கெட்டிப்பதற்குள் அது பாய்ந்து அவர் தோளைக் கவ்வி உலுக்கியது. இடது மேற்கை எலும்பு முறிந்தது. 1873இல் அவர் ஆப்பிரிக்காவிலேயே காலமானார். மறு வருஷம் உடல் இங்கிலாந்துக்கு வந்தபோது, அந்தப் பழைய முறிவைக் கொண்டுதான் அவர் என்று அடையாளம் கண்டார்கள். இவ்வளவும் நமக்கு மனப்பாடம். ஆனால் சிங்கம் அவரை ஏன் விட்டது? மெபால்வே என்ற ஆப்பிரிக்கர் சிங்கத்தைக் குறி பார்த்தார். அவருடைய துப்பாக்கியின் இரண்டு குழல்களும் வெடிக்கவில்லை. சிங்கம் லிவிங்ஸ்டனை விட்டு மெபால்வேயின் தொடையைக் கடித்தது. ஈட்டியுடன் ஓடி வந்த இன்னொருவரின் தோளையும் பிடித்தது. பிறகே, முன்பு பட்ட குண்டுகளின் வேகத்தால் செத்து விழுந்தது. லிவிங்ஸ்டனின் கை சரித்திரத்தில் ஏறியது. மெபால்வேயின் தொடையைப் பற்றி நாம் திண்ணையில் உட்கார்ந்து ஒரு நாளும் கவலைப்படவில்லை.

சாவோ நதிக் கதை நமது தேசத்தாருக்கு இன்னும் நெருக்கமானது. மொம்பாஸாவிலிருந்து உள்நாட்டுக்கு ரயில் பாதை போடுவதற்காக 1896ஆம் வருஷம் முதல் இந்தியாவிலிருந்து சுமார் 32,000 தொழிலாளிகளைக் கொண்டு போனார்கள். பெரும்பாலோர் பஞ்சாபிகள். பாதை முடிவதற்குள் அவர்களில் ஏறக்குறைய 2,500 பேர் நோயாலும் விபத்தாலும் மாண்டார்கள். 1898இல் சாவோ நதிமேல் பாலம் கட்டிய சமயம் இரண்டு சிங்கங்கள் முகாமில் புகுந்து, கூடாரத்தில் தூங்கியவர்களை இழுத்துச் சென்று தின்னத் தொடங்கின. மார்ச்சு மாதம் ஆரம்பித்த இந்தக் கோரம், எஞ்சினீயர் பாட்டர்ஸன் டிசம்பர் 9ஆம் தேதி ஒன்றையும் 29ஆம் தேதி மற்றொன்றையும் சுட்ட பிறகே அடங்கியது. பாட்டர்ஸன் புஸ்தகம் எழுதினார், புகழ் பெற்றார். சிங்கங்கள்கூடச் சிக்காகோ பொருட்காட்சி சாலையில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கின்றன. செத்தவர்கள் எத்தனை பேர்? இந்தியத் தொழிலாளிகள் 28 பேர் என்பது பாட்டர்ஸனே முதலில் எழுதிய எண். ஆப்பிரிக்கர்களுக்குக் கணக்கே வைக்கவில்லை. பிற்காலத்தில் அவர் 135 என்றார். 2009இல் விஞ்ஞானிகள் அந்தச் சிங்கங்களின் ரோமத்தையும் எலும்பையும் பரிசோதித்து, சுமார் 35 பேர் இரையாகியிருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். மனிதர்களின் கணக்கைக் கடைசியில் சிங்கத்தின் எலும்பிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று!

1909ஆம் வருஷம் அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குச் சென்றார். அவரும் குமாரரும் 512 பிராணிகளைச் சுட்டார்கள் என்று ஒன்று விடாமல் எழுதி வைத்திருக்கிறார். அவர்களுடைய மூட்டைகளைச் சுமந்து நடந்த கூலியாட்கள் மட்டும் இருநூற்றைம்பது பேர் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் பெயரை நேயர்கள் யாராவது கேள்விப்பட்டதுண்டா?

நமது நாட்டு விஷயத்துக்கு வருவோம். குமாவும் மலைப் பிரதேசத்தில் சம்பாவத் என்ற ஊர்ப் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. 1907இல் ஜிம் கார்பெட் அதைச் சுட்டார். அருகில் போய் வாயைத் திறந்து பார்த்தால், வலப்பக்கத்துக் கோரைப் பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. எந்தக் காலத்திலோ எவரோ ஒரு வேட்டைக்காரர் சுட்ட குண்டு. மான் பிடிக்க முடியாமற் போன புலி மனிதரைப் பிடிக்கத் தொடங்கியது. குண்டைச் சுட்டவர் வீட்டுக்குப் போய்ச் சௌக்கியமாக இருந்திருப்பார். விறகு பொறுக்கவும் தழை ஒடிக்கவும் போன பெண்கள் அதன் விலையைக் கொடுத்தார்கள்.

ஜனங்கள் ஏன் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை என்று கேட்கலாம். 1878ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின்படி லைசென்ஸ் இல்லாமல் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. வெள்ளைக்காரர்களுக்கு வெகு காலம் அந்த நிபந்தனை இல்லை. 1930இல் காந்தி மகான் வைஸ்ராய் இர்வினிடம் கேட்ட பதினோரு கோரிக்கைகளுள், தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் தர வேண்டும் என்பதும் ஒன்று. அஹிம்சா மூர்த்தி துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்டாரே என்று பலர் அந்நாளில் ஆச்சரியப்பட்டிருப்பார்கள். மலையடிவாரத்து ஜனங்கள் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

ஆக, பெரிய மிருக வேட்டையில் அபாயம் உண்டு என்று அந்தப் புஸ்தகங்கள் சொன்னது முழுக்க வாஸ்தவம். அபாயம் யாருக்கு என்பதில்தான் அவை தவறிவிட்டன. திரிகூடராசப்பக் கவிராயர் இதில் மேல். குற்றாலக் குறவஞ்சியில் சிங்கன் பிடிப்பது பறவைகளைத்தான். அதற்கும் நூவன் என்று ஒரு துணையாளை வைத்து, அவனுக்கு ஒரு பெயரும் கொடுத்து, பாட்டிலும் இடம் கொடுத்தார்.

மறுநாள் காலையில் நண்பர் தோப்பைக் காட்ட அழைத்துச் சென்றார். மலை தோப்பின்மேல் சாய்ந்து நிற்கிறது. ஐம்பது தென்னைகளுக்கு மேல் வேரோடு சாய்ந்து கிடந்தன, யானையின் வேலை. கிழங்கு போட்டிருந்த நிலத்தைக் காட்டுப் பன்றிகள் ஏர் கட்டி உழுதாற்போல் உழுது வைத்திருந்தன. நண்பரின் முகத்தைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது.

1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டைக் காலம் முடிந்துவிட்டது. 1988இல் களக்காடு - முண்டந்துறை தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆயிற்று. குற்றால மலைக் காடுகளும் 2015 முதல் நெல்லை வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்தவை. இவை எல்லாம் நல்ல காரியங்கள் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. காடு அழிந்தால் அருவி ஏது, சாரல் ஏது, தென்காசிக் காற்றுத்தான் ஏது? ஆயினும் காட்டின் ஓரத்தில் குடியிருப்பவர்களுக்கு அபாயம் தீர்ந்துவிடவில்லை. 2022 நவம்பரில் கடையம் பக்கத்தில் ஒரு கரடி, வண்டியில் மசாலா வியாபாரத்துக்குப் போனவரையும், அவரைக் காப்பாற்றப் போனவர்களையும் கோரமாகத் தாக்கியது. கரடிக்குக் கண் மந்தம். திடீரென்று ஆள் எதிர்ப்பட்டால் மிரண்டு முகத்தைத்தான் கிழிக்கும். மயக்க மருந்து செலுத்திப் பிடித்துக் காட்டில் கொண்டு விட்டார்கள், அதுவும் பிழைக்கவில்லை. அன்றும் கரடிக்கு எதிரில் அகப்பட்டவர்கள் கையில் துப்பாக்கி கிடையாது. பிழைப்புக்கு எடுத்துச் சென்ற மூட்டைதான்.

"அதற்காகத்தான் கம்பி வாங்கினேன், அண்ணாச்சி" என்றார் நண்பர், தணிந்த குரலில். தாழ்வாரத்தில் நம்மைத் தடுக்கிய கம்பிச் சுருளின் இரகசியம் வெளியாயிற்று. மோட்டார்க் கொட்டகையிலிருந்து நேராக மின்சாரத்தை இழுத்து, தோப்பைச் சுற்றி இரவில் மட்டும் கம்பியில் பாய்ச்சுவது என்று திட்டம். நாலு பேர் செய்வதுதானாம். சூரிய ஒளியில் வேலை செய்யும் வேலி என்று ஒன்று உண்டு. அது விட்டுவிட்டு ஒரு கணம் அதிர்ச்சி கொடுத்து மிருகத்தை விரட்டும்; கொல்லாது. பதிவு செய்து அதை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் வீட்டுக்கு வரும் மின்சாரத்தை நேராகக் கம்பியில் விட்டால், தொட்ட உயிர் தப்பாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே இப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் மாண்டு, இரண்டு குட்டிகள் தாயின் உடலைச் சுற்றிச் சுற்றி வந்ததை நாடே பார்த்தது. சட்டப்படி அது குற்றம் என்பதை நாம் எடுத்துச் சொன்னோம். நண்பர் பதில் சொல்லாமல் தென்னைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் அப்போது குடிசையிலிருந்து தகர டின்னும் டார்ச் விளக்குமாக வெளியே வந்தார். அவருடைய ஆயுதம் அவைதான். யானை வந்தால் டின்னைத் தட்டி, விளக்கை அடித்துக் காட்டிச் சத்தம் போடுவார்.

"கம்பி போடுங்க தம்பி, வேண்டாம்னு சொல்லலை" என்றார். "ஆனா நான் இராத்திரியில நாலு தரம் தோப்பைச் சுத்தி வாரேன். மழையில லைட்டு அணைஞ்சு போவும். பன்னி அந்தக் கம்பியை மிதிக்குமோ மிதிக்காதோ, என்னைக்காவது ஒரு நாள் நான் மிதிச்சிருவேன். அன்னிக்கு எங்கய்யா முன்னால போனாக; துப்பாக்கி பின்னால இருந்துது. இப்ப நான் முன்னால போறேன். சுவிட்சு உங்க வீட்டுல இருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்."

இதையும் அவர் கோபமாகச் சொல்லவில்லை. நண்பர் வெகு நேரம் பேசவில்லை. திரும்பி வரும் வழியில் பிரானூர்ப் பரோட்டாக் கடையில் வண்டியை நிறுத்துவதாக முதல் நாளே வாக்களித்திருந்தார்; அதையும் மறந்துவிட்டார். அந்த மறதியிலிருந்து, விஷயம் அவர் உள்ளத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டோம்.

வீட்டுக்கு வந்ததும் கம்பிச் சுருள்களை வாங்கிய கடைக்கே திருப்பி அனுப்பினார். கடைக்காரர் பாதி விலைதான் கொடுத்தார். சூரிய ஒளி வேலிக்கு விண்ணப்பம் எழுத நம்மைத் துணைக்கு வைத்துக்கொண்டார். வேலி வந்து சேரும் வரையில் இன்னும் சில தென்னைகள் போகலாம். "போனால் போகட்டும், தென்னை மறுபடி வளரும்" என்றார். அவர் சாதாரணமாக ஒரு தேங்காயைக்கூட விட்டுக் கொடுக்கிறவர் அல்லர் என்பதை நேயர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்.

புறப்படும் நாள் மாலை, சுவரில் மாட்டுவதற்கு முன்பு படத்தை நம்மிடம் கொடுத்தார். ஐந்து பெயர்களுக்குப் பக்கத்தில், வலது ஓரமாக, அந்தக் கைக்கு நேர் கீழே, ஆறாவது பெயரை எழுதும்படி சொன்னார். நமது கையெழுத்து அழகானது என்று யாரும் சொன்னதில்லை. அன்று முடிந்தவரையில் திருத்தமாக எழுதினோம். அந்தக் கையை மட்டும் பெரிதாக்கி ஒரு பிரதி எடுத்துக் கண்ணாடி போட்டுப் பெரியவரிடம் கொடுத்தார். அவர் அதை வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் துண்டில் சுற்றிக்கொண்டு போனார்.

சாய்வு நாற்காலியும் வேட்டைப் புஸ்தகங்களும் நம்மிடம் இன்னும் இருக்கின்றன. ஊருக்குத் திரும்பிய பிறகு அவற்றை மறுபடியும் படித்தோம். சுவை சற்றும் குறையவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் புதர் அசைகிறது என்ற இடம் வரும்போது புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டு, முன்னால் போகிறவர் யார் என்று ஒரு கணம் யோசிக்கிறோம்.